தப்புக்குப் போட்ட பன்னிரண்டு போல்ட்டுகள்

1. படிக்குக் கீழே நின்றவர்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்த இசைக்கருவி திருத்தும் கடையில் நான் இருபத்தாறு வருடம் வேலை செய்தேன். மிருதங்கத்துக்கு வார் இழுப்பது, வயலினுக்குப் பாலம் செதுக்குவது, ஆர்மோனியத்துக்கு ரீட் மாற்றுவது எல்லாம் என் வேலை. செய்த ஒவ்வொன்றையும் குறித்து வைத்திருக்கிறேன். மிருதங்கம் மட்டும் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. தப்பு இருபத்துமூன்று. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது அந்த ஆயிரத்து நானூற்றைப் பற்றி அல்ல, இருபத்துமூன்றில் முதல் மூன்றைப் பற்றி.

போர்க்காலம். தொண்ணூறுகளின் பிற்பகுதி. ஆடி பிறந்து சில நாட்களில், ஒரு திங்கட்கிழமை காலை, ஒருவர் சாக்கில் எதையோ சுற்றிக்கொண்டு வந்து கடைப் படிக்குக் கீழே நின்றார். என் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்து. செருப்பைக் கழற்றியிருந்தார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. இரண்டாம் முறை சொன்னபோது வந்தார்.

பெயர் காத்தமுத்து என்றார். ஊர் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். கொழும்புக்கு வந்து பத்தொன்பது வருடம். கொட்டாஞ்சேனையில் குடியிருந்தார். புறக்கோட்டையில் லொறிகளிலிருந்து மூட்டை இறக்கும் நாட்டாமை வேலை. சாக்கை அவிழ்த்து மேசையில் வைத்தார். உள்ளே ஒரு தப்பு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தப்பு என்பது ஒரு பக்கம் மட்டும் தோல் போர்த்த வட்டமான மேளம். வாரில் தோளிலே தொங்கவிட்டு, நெஞ்சோடு அணைத்து, இரண்டு குச்சியால் அடிப்பது. மரச் சட்டத்தில் தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். மிருதங்கத்துக்கு இருப்பதுபோல இறுக்குவதற்கு வாரும் இல்லை, கட்டையும் இல்லை. நெருப்பில் காட்டினால் தோல் இறுகும். காற்று ஈரமானால் தளர்ந்துவிடும். தளர்ந்தால் மறுபடி நெருப்பு. அவ்வளவுதான் அதன் விஞ்ஞானம்.

கொழும்பின் காற்று ஈரக் காற்று. ஒரு தரம் காய்ச்சினால் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டேன். அரை மணி நேரம் வராது என்றார்.

அவருக்கு வந்த இடைஞ்சல் இதுதான். கொட்டாஞ்சேனையில் அவர்கள் கும்பிடும் அம்மன் கோயிலில் ஆடித் தேர். தேருக்கு முன்னால் மூன்று தப்பு போகும். வழியில் மூன்று சந்திகளில் வைக்கோலையும் பழைய பத்திரிகையையும் கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக்கொள்வார்கள். அந்த வருடம் பொலிஸ் அனுமதிக் கடிதத்தில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. வீதியில் நெருப்பு மூட்டக் கூடாது, வெடி கொளுத்தக் கூடாது. கோயில் செயலாளர் கடிதத்தை வாசித்துவிட்டு, நெருப்பில்லாமல் தப்பு சரிவராது, இந்த வருடம் ஒரு வான் வண்டியில் கசெட் போட்டுக்கொண்டு போவோம் என்று சொல்லிவிட்டார். காத்தமுத்து நாலு தரம் அவர் கடைக்கு நடந்திருக்கிறார். கடைசியில் செயலாளர் ஒரு தவணை கொடுத்தார். நெருப்புக் கேட்காத ஒரு தப்பை அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குக் கோயில் சபைக்கு முன்னால் அடித்துக் காட்ட வேண்டும். அரை மணி நேரம் சத்தம் இறங்காமல் நின்றால் தப்பு போகலாம்.

கசெட் போனால் என்ன, அம்மனுக்குத் தானே என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் கோபப்படவில்லை. தப்பைத் திருப்பி வைத்து, சட்டத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"வருசம் பூரா எங்கள எழவு வீட்டுக்குத்தான் கூப்புடுவாங்க ஐயா. அங்கயும் வாசலுக்கு வெளியத்தான் நிப்போம். இந்த ஒரு நாளுதான் எல்லாத்துக்கும் முன்னால நடக்க விடுறாங்க. இந்த வருசம் வான் போச்சுன்னா, அடுத்த வருசமும் வான்தான் போவும்."

அன்றைக்குத் திங்கள். அடுத்த வெள்ளிக்கு அன்றையும் சேர்த்தால் பன்னிரண்டு நாள், சேர்க்காவிட்டால் பதினொன்று. நான் சேர்க்காமல் எண்ணிக்கொண்டு, பார்க்கிறேன் என்றேன்.

முதலாளி யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். நல்ல மனுசன், ஆனால் பயந்தவர். தப்பைக் கண்டதும் என்னை உள்ளே கூப்பிட்டார். "தம்பி, வேலையைச் செய்யும், வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா முன் மேசையில வைச்சுச் செய்யாதையும். மிருதங்கக்காரர் பாத்தினமெண்டா நாளைக்கு இஞ்ச வரமாட்டினம்." ஆகவே பின்னறையில், மத்தியானம் ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில், சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து வேலை செய்தேன். அதற்கு எதிராக அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கு அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

2. முதலில் பிளாஸ்டிக்

மேல்நாட்டு ட்ரம்முக்குப் போடும் பிளாஸ்டிக் ஹெட் எங்கள் கடையில் ஏழு கிடந்தது. நெருப்பும் வேண்டாம், மழையிலும் தளராது. எனக்கு அது மிக எளிதான கணக்காகத் தெரிந்தது. பதினாலு அங்குல ஹெட் ஒன்றைக் கடையில் கிடந்த வேறொரு பழைய சட்டத்தில் இறுக்கி இரண்டே நாளில் முடித்துவிட்டேன்.

காத்தமுத்து புதன்கிழமை வேலை முடித்து நேராக வந்தார். சட்டையில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. வாரைத் தோளில் போட்டு ஏழெட்டு அடி அடித்தார். பிஸ்கட் டின்னில் கல் போட்டுக் குலுக்கியது போல இருந்தது. எனக்கே காது கூசியது. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நல்லாத்தாங்க இருக்கு. ஆனா இதுக்கு அம்மன் எந்திரிக்காது."

ஏன் எழும்பாது என்று விளக்கம் கேட்டேன். எனக்கு எதற்கும் விளக்கம் வேண்டும். அவர் பழைய தப்பை எடுத்துப் பின்னறையில் இருந்த ஸ்டவ்வில் இரண்டு நிமிடம் காட்டினார். அதையே ஏழெட்டு அடி அடித்தார். மேசையில் கிடந்த ஆணிகள் அசைந்தன. என் நெஞ்செலும்பில் ஏதோ வந்து தட்டியது. முன்னால் மிருதங்கம் எடுக்க வந்திருந்த ஒரு பெண்பிள்ளை எட்டிப் பார்த்தாள். பிளாஸ்டிக் ஹெட்டை உடனே கழற்றிப் பழைய பெட்டியில் போட்டேன்.

தோல்தான் வேண்டும், ஆனால் நெருப்பில்லாமல் இறுக வேண்டும். அப்படியென்றால் போல்ட்.

3. தெமட்டகொடை

தவிலுக்குப் போல்ட் போடும் வழக்கம் அப்போதே வந்திருந்தது. நான் இரண்டு தவில் அப்படிச் செய்திருந்தேன். தப்புக்கு யாரும் செய்து நான் பார்த்ததில்லை. மனதிலிருந்த திட்டம் இது. தோலின் விளிம்பை ஒரு மெல்லிய கம்பி வளையத்தில் சுற்றித் தைப்பது. அதற்கு மேல் ஓர் இரும்பு ரிங். சட்டத்தின் பின்பக்கம் இன்னொரு ரிங். இரண்டையும் பன்னிரண்டு நீள போல்ட்டால் பூட்டி, பின்னால் நட்டை முறுக்கினால் தோல் இறுகும். பன்னிரண்டு என்பது மணிக்கூடு போலப் பிரிக்க வசதி.

ரிங் செய்ய தெமட்டகொடைக்குப் போனேன். ரயில்வே யார்ட்டுக்குப் பின்னால் பியதாச பாஸ் என்பவரின் லேத் பட்டறை. சிங்களவர். தமிழ் கொஞ்சம் பேசுவார். படத்தைப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், இது என்ன, பஸ்ஸுக்கு வீல் கப்பா?" என்று சிரித்தார். மேளம் என்றேன். நம்பவில்லை. ஆனால் ஒரு மில்லிமீற்றர் பிசகாமல் செய்து கொடுத்தார்.

பூட்டித் தராசில் வைத்தேன். பழைய தப்பு ஒரு கிலோ இருநூறு கிராம். இது மூன்று கிலோ நூறு. மூன்று மணி நேரம் நடந்துகொண்டே அடிப்பதற்கு எந்தத் தோளும் தாங்காது என்று எனக்குக் கவலை பிடித்துவிட்டது. காத்தமுத்து சிரித்தார். நூறு கிலோ அரிசி மூட்டை சுமக்கிறவருக்கு இது என்ன பாரம் என்பது அவர் கட்சி. ஆனால் கூட அடிக்கும் மற்ற இரண்டு பேரில் ஒருவர் ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவர், மெலிந்தவர் என்று பிறகு சொன்னார். மறுபடி தெமட்டகொடை. ரிங் இரண்டையும் அலுமினியத்தில் செய்வித்தேன். ஒரு கிலோ தொள்ளாயிரம். போல்ட் முனைகள் அணைக்கும் கையைக் கிழிக்காமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி உறை போட்டேன். இடக்கைக் குச்சி விளிம்பில் படும் இடத்தில் ரிங்கைத் தாழ்வாக அராவினேன். இவையெல்லாம் அவர் அடிக்க அடிக்க, பக்கத்தில் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டவை. யாரும் எழுதி வைத்ததில்லை.

ஆட்டுத் தோலை அவரே கொண்டுவந்தார். மயிர் வழித்து, ஊறவைத்து, பிழிந்த தோல். அதன் குறுக்கே கரியால் ஒரு கோடு போட்டிருந்தார். தோலைப் போர்த்தும்போது அந்தக் கோடு வெள்ளைத் தோலில் அசிங்கமாகத் தெரிந்தது. ஈரத் துணியால் துடைத்துவிட்டேன். எதற்காகப் போட்டார் என்று கேட்கத் தோன்றவில்லை. இந்தக் குறிப்பில் நான் ஒப்புக்கொள்ளும் பிழைகளில் இது பெரியது.

தோல் காய்ந்ததும் பன்னிரண்டு நட்டையும் ஒரே அளவாக முறுக்கினேன். ஒவ்வொன்றும் நாலு சுற்று. எதிரெதிராக முறுக்கினேன், ஒன்று பிறகு ஏழு, இரண்டு பிறகு எட்டு. முடித்துவிட்டு அளவுகோல் வைத்து ரிங்கின் இடைவெளியைப் பன்னிரண்டு இடத்திலும் பார்த்தேன். எல்லாம் ஒன்று.

தவணைக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, காத்தமுத்து வந்து அடித்துப் பார்த்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"ஒரு பக்கம் தூங்குதுங்க."

"எந்தப் பக்கம்?"

"கொடுங்க, சாவிய வச்சிப் பாக்குறேன்."

நான் ஸ்பெனரைக் கொடுக்கவில்லை. அளவுகோலைக் காட்டினேன். பன்னிரண்டு இடமும் சரியாக இருக்கும்போது ஒரு பக்கம் மட்டும் எப்படித் தூங்கும் என்று கேட்டேன். மிருதங்கம் ஆயிரத்துக்கு மேல் செய்தவன் நான் என்றும் சொன்னதாக ஞாபகம். அவர் அளவுகோலையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"நீங்க படிச்சவுங்க. சரியாத்தான் இருக்கும்."

அதோடு விட்டுவிட்டார்.

4. காலி வீதியில் ஒரு கேள்வி

வெள்ளிக்கிழமை. அவர் அரை நாள் லீவு போட்டு வந்தார். இரண்டரைக்கே புறப்படச் சொன்னேன். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு அந்த நாட்களில் சோதனைச் சாவடி ஐந்து. ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் என்று வைத்தாலும் ஐம்பது நிமிடம். முச்சக்கர வண்டி பிடித்தோம். தப்பைச் சாக்கில் சுற்றி என் மடியில் வைத்திருந்தேன். தூறிக்கொண்டிருந்தது. வண்டியின் பக்கப் படங்கு கிழிந்திருந்ததால் சாக்கு நனைந்தது. அதை நினைத்துத்தான் நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் சாவடியில் விட்டுவிட்டார்கள். இரண்டாவதில் ஓர் இளம் இராணுவச் சிப்பாய் சாக்கைத் துப்பாக்கி முனையால் தட்டினான். டிங் என்றது. கையை வைத்துத் தடவிப் பார்த்தான். வட்டமாக, தட்டையாக, சுற்றிவர போல்ட். அவன் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் என் மடியில் இருப்பது என்னவாகத் தெரியும் என்று எனக்கு விளங்கியது. ஒரு வாரத்துக்கு மேல் அதை முன்னும் பின்னும் பார்த்திருக்கிறேன். நெருப்பில்லாமல் அடிப்பதற்கென்று யோசித்துச் செய்து, கண்ணிவெடி போல ஒன்றைச் செய்து வைத்திருக்கிறேன். ஒருநாளும் அது தோன்றவில்லை.

கீழே வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். விலகி நிற்கச் சொன்னார்கள். வண்டிக்காரரையும் சேர்த்து மூன்று பேரும் சுவரோரம் நின்றோம். பின்னால் வந்த வாகனங்களை நிறுத்திவிட்டார்கள். சார்ஜன்ட் ஒருவர் வந்து அடையாள அட்டைகளை வாங்கினார். என்னுடையதில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அதை அவர் இரண்டு தரம் வாசித்தார். நிலையத்துக்குக் கொண்டுபோய் விசாரித்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு நாளும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். நாலு மணிக்குச் சபை கூடும். மணி மூன்று ஐந்து.

"மேக்க மொகக்த?" என்று சார்ஜன்ட் சாக்கைக் காட்டிக் கேட்டார். இது என்ன என்று.

காத்தமுத்துவுக்குப் புறக்கோட்டைச் சிங்களம் நல்ல ஓட்டம். "பெரயக் மஹத்தயா," மேளம் ஐயா என்றார். கோயில், தேர், நெருப்புக்குத் தடை, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். பதற்றமே இல்லை. மேளத்துக்கு எதற்கு நட்டும் போல்ட்டும் என்று சார்ஜன்ட் கேட்டார். அதில் பிழையில்லை. நானும் அந்த இடத்தில் நின்றால் அதையேதான் கேட்பேன்.

பிறகு அவர் சொன்னார். "பெரயக் நங் கஹப்பன்." மேளமென்றால் அடித்துக் காட்டு.

காத்தமுத்து போய்ச் சாக்கை மெதுவாக அவிழ்த்தார். இரண்டு துப்பாக்கிகள் அவரைப் பார்த்திருந்தன. வாரைத் தோளில் போட்டார். அடித்தார்.

தொப். தொப். தொப்.

நனைந்த சாக்கில் அரை மணி நேரம் கிடந்த தோல். நான் நாலு சுற்றுக் கணக்கில் இறுக்கிய தோல். நனைந்த தலையணையில் அடித்தது போல இருந்தது. சிப்பாய் சார்ஜன்டைப் பார்த்தான். சார்ஜன்ட் வயர்லெஸ்ஸை எடுத்தார்.

காத்தமுத்து திரும்பாமலே, குரலை உயர்த்தாமலே கேட்டார். "ஐயா, சாவி."

ஸ்பெனர் என் காற்சட்டைப் பையில். துப்பாக்கிக்கு முன்னால் பைக்குள் கை விட எனக்குத் துணிவில்லை. அவர்தான் சார்ஜன்டிடம் அனுமதி கேட்டார். இரண்டு நிமிடம் தாருங்கள், ஈரத்தில் தளர்ந்து போய்விட்டது, இதை எழுப்பிக் காட்டுகிறேன் என்றார். சார்ஜன்ட் வயர்லெஸ்ஸை வாயருகே வைத்தபடியே தலையாட்டினார். ஒரு சிப்பாய் வந்து என் பையிலிருந்து ஸ்பெனரை எடுத்துக் கொடுத்தான்.

காத்தமுத்து வீதியில் குந்தினார். தப்பை முழங்காலில் வைத்து, விரல் முட்டியால் விளிம்போரமாகச் சுற்றிவரத் தட்டினார். ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு தட்டு. காதைத் தோலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். எனக்கு நெஞ்சு அடித்த அடியில் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் கண்ணால் எண்ணினேன். அந்த நிலையிலும் எண்ணினேன். மூன்றாவதையும் நாலாவதையும் தளர்த்தினார். ஒன்பதை ஒன்றேகால் சுற்று முறுக்கினார். பத்தை அதைவிடக் கூட. ஐந்தைத் தொட்டுவிட்டு விட்டார். மறுபடி தட்டினார். பன்னிரண்டில் எட்டு நட்டை மாற்றினார், ஒன்றைப் போல ஒன்று இல்லை. நான் அளவுகோல் வைத்துச் சமமாக்கிய ரிங் ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே போயிற்று. கடையில் ஒருவர் அப்படிச் செய்திருந்தால் வேலை பழுது என்று சொல்லியிருப்பேன்.

எழுந்து நின்று அடித்தார்.

எனக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. நிறுத்தி வைத்திருந்த பஸ்ஸில் இருந்தவர்கள் யன்னலால் தலையை நீட்டினார்கள். எதிர்ப்பக்கம் பழக்கடையில் இருந்த பெண் எழுந்து நின்றாள். தூறல் விழுந்துகொண்டிருக்க, சுவரில் பட்டுத் திரும்பி வந்த சத்தம் ஒன்றும், கையிலிருந்து போன சத்தம் ஒன்றுமாக இரண்டு பேர் அடிப்பது போல இருந்தது. சாக்கைத் தட்டிய சிப்பாய் துப்பாக்கியைத் தோளில் மாட்டிவிட்டான்.

சார்ஜன்ட் கையைக் காட்டினார். "ஹரி, ஹரி. எத்தி. யன்ன." சரி, போதும், போங்கள்.

காத்தமுத்து நிறுத்தவில்லை. என் உயிர் போய்விட்டது. ஒரு தாளத்தின் நடுவில் அவர் இருந்தார், அதை முடிக்காமல் விட அவருக்கு முடியவில்லை. மூன்று தரம் திருப்பி அடித்து, தாளத்தைக் கட்டி, கடைசி அடியை வைத்துவிட்டுத்தான் குச்சியைத் தாழ்த்தினார். சார்ஜன்ட் அதுவரை கையை நீட்டியபடியே நின்றார். பிறகு அடையாள அட்டைகளைத் தந்தார். என்னுடையதைத் தரும்போது, இனிமேல் சாக்கில் சுற்றாமல் வெளியே தெரியக் கொண்டுபோகச் சொன்னார். நல்ல புத்திமதி. அன்றிலிருந்து அப்படித்தான் செய்தோம்.

வண்டியில் ஏறியதும், அவர் நடுவில் நிறுத்தாததற்காகக் கோபித்துக்கொண்டேன். சுட்டிருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"பாதியில விட்டா அது மேளக்காரன் அடிச்சது இல்லீங்க," என்றார். "அவரு மேளமான்னுதான கேட்டாரு?"

5. வேற ஆடு

கோயிலுக்குப் போய்ச் சேர நாலு இருபது. செயலாளர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு மண்டப வாசலில் நின்றார். சபையில் எட்டுப் பேர் இருந்தார்கள், இரண்டு பேர் போய்விட்டார்களாம். அரை மணி நேரம் என்றுதான் பேச்சு. காத்தமுத்து நாற்பத்தொரு நிமிடம் அடித்தார். நடுவில் ஒரே ஒரு தரம், பத்தாவது நட்டை அரைச் சுற்று முறுக்கினார். செயலாளருக்கு வேறு வழி இருக்கவில்லை. அவர் புடவைக் கடை வைத்திருந்தவர், கெட்டவர் அல்ல. "நெருப்பில்லாம இது நிக்குமெண்டு நான் நினைக்கேல்லை, காத்தமுத்து. சரி, நடவுங்கோ," என்றார். "வானுக்குச் சொன்ன காசு போனாப் போகட்டும்."

தேர் அடுத்த வாரம் ஞாயிறு. இன்னும் இரண்டு தப்பு செய்ய ஒன்பது நாள்.

நான் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தேன். அன்றைக்கே கோயில் மண்டபத்தில் வைத்து, முதல் தப்பின் பன்னிரண்டு போல்ட்டிலும் முனை நட்டுக்கு வெளியே எவ்வளவு நிற்கிறது என்று அளந்து ஓர் அட்டவணை போட்டுக்கொண்டேன். ஒரு மில்லிமீற்றர் கூட விடவில்லை. ரகசியம் கையில் வந்துவிட்டது என்று சந்தோஷம். இரண்டாவது தப்பை அந்த அட்டவணைப்படி இறுக்கினேன். ஒன்று இவ்வளவு, இரண்டு இவ்வளவு, ஒன்பது இவ்வளவு.

காத்தமுத்து செவ்வாய்க்கிழமை வந்து ஒரு தட்டுத் தட்டினார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அடக்கிக்கொண்டார். நான் அட்டவணையைக் காட்டினேன். அவருக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்தார்.

"இது அந்த ஆட்டோட கணக்குங்க. இது வேற ஆடு."

அப்போதுதான் கரிக்கோட்டைப் பற்றிச் சொன்னார். அது முதுகெலும்பு போன கோடு. முதுகுப் பக்கம் தோல் தடிப்பு, வயிற்றுப் பக்கம் மெல்லிசு. மலையில் ஏறி மேய்ந்த ஆட்டுக்கு ஒரு மாதிரி, கட்டிப்போட்டு வளர்த்த ஆட்டுக்கு வேறு மாதிரி. குட்டி போட்ட ஆட்டுக்கு வயிறு தளர்ந்திருக்கும். மெல்லிய பக்கத்தையும் தடித்த பக்கத்தையும் ஒரே அளவு இழுத்தால் ஒன்று கத்தும், மற்றது தூங்கும். நெருப்பில் காய்ச்சும்போது அவர்கள் தப்பைச் சுற்றிக்கொண்டே இருப்பது அதனால்தான். தடித்த பக்கத்தை அதிக நேரம் காட்டுவார்கள். நான் அதைச் சும்மா சுழற்றுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். நெருப்பின் வேலையை போல்ட்டுக்குக் கொடுத்தேன், ஆனால் நெருப்பைப் பிடித்த கையின் வேலையைக் கொடுக்கவில்லை.

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கோடு போட்டுத்தான குடுத்தேன்," என்றார்.

அன்றைக்கு அட்டவணையைக் கிழிக்கவில்லை. எனக்கு எதையும் கிழித்துப் பழக்கமில்லை. ஆனால் தெமட்டகொடைக்குப் போய் பியதாச பாஸிடம் சொல்லி மூன்று ஸ்பெனர் செய்வித்தேன், இடுப்பு வேட்டியில் செருகிக்கொள்ளும் அளவில் சின்னதாக. மூன்று தப்புக்கும் ஒவ்வொன்று. கடையில் வைத்து முறுக்குவதை நான் அதோடு நிறுத்திவிட்டேன். தோலைப் போர்த்தி, ரிங்கைப் பூட்டி, நட்டுகளை விரலால் பிடிக்கும் அளவுக்கு மட்டும் விட்டுக் கொடுப்பேன். பிறகு செய்த இருபது தப்பும் அப்படித்தான். என் வேலைப் புத்தகத்தில் சட்டத்தின் அகலம், ரிங்கின் நிறை, போல்ட்டின் எண்ணிக்கை எல்லாம் இருக்கும். எத்தனை சுற்று என்ற இடத்தில் அடிப்பவரின் பெயரை எழுதினேன்.

இந்தத் தொழிலில் நான் படித்ததை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் இதுதான். கருவியை நீங்கள் செய்யுங்கள். கடைசிச் சுற்றை அடிக்கிறவர் கையில் விடுங்கள். அவர் ஒரு பக்கம் தூங்குகிறது என்றால் அளவுகோலை எடுக்காதீர்கள், ஸ்பெனரைக் கொடுங்கள்.

6. தேர்

ஞாயிற்றுக்கிழமை காலை தேர் புறப்பட்டது. நான் வீட்டில் இருக்க முடியாமல் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ஏதாவது ஒரு நட்டு கழன்று விழுந்தால் என்ன செய்வது என்ற பயம், முப்பத்தாறு நட்டு. பையில் ஆறு உபரி நட்டு வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தேன். வான் இல்லை. பொலிஸார் இருபுறமும். முன்னால் மூன்று தப்பு. காத்தமுத்து நடுவில், மெலிந்த ஹோட்டல்காரர் இடப்பக்கம், இன்னொருவர் வலப்பக்கம். மூன்று பேரும் வெள்ளை வேட்டி, தலையில் சிவப்புத் துண்டு. பின்னால் கரகம், காவடி, அதற்குப் பின்னால் நாதஸ்வரம், அதற்கும் பின்னால் தேர்.

வழக்கமாக நெருப்பு மூட்டும் முதல் சந்தியில் காத்தமுத்து கையைத் தூக்கினார். தப்பு நின்றது. பின்னால் கரகம் நின்றது, நாதஸ்வரம் நின்றது. வடம் பிடித்தவர்கள் நின்றார்கள். மூன்று பேரும் வீதியின் நடுவில் குந்தி, இடுப்பிலிருந்து ஸ்பெனரை எடுத்து, தட்டுவதும் கேட்பதும் முறுக்குவதுமாக இருந்தார்கள். ஒரு பொலிஸ்காரர் என்ன நடக்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். செயலாளர் பின்னாலிருந்து வேர்க்க வேர்க்க ஓடி வந்தார். அனுமதிக் கடிதத்தில் பதினொரு மணிக்குள் கோயில் திரும்ப வேண்டும் என்று இருந்தது. "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று என்னிடம் கேட்டார்.

எனக்குத் தெரியாது என்றேன். அவரைக் கேளுங்கள் என்று காத்தமுத்துவைக் காட்டினேன்.

காத்தமுத்து நிமிர்ந்து பார்க்கவில்லை. காது தோலோடு இருந்தது. செயலாளர் தோளில் கிடந்த சால்வையைச் சரிசெய்தபடி பக்கத்தில் நின்றார். நாலு நிமிடம். அந்த நாலு நிமிடமும் தேர் நின்றது.